அறுபதில் முதல் நாவல்: சுதிர் கக்கரிடம் சுட வேண்டிய வித்தைகள்

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. செய்கிற வேலையில் பெயர் இருக்கிறது. சம்பளம் தேங்கி நிற்கிறது. மேலே காலியாகப் போகும் ஒரே நாற்காலிக்கு ஐந்து பேர் போட்டி. ‘பேசாமல் ஒரு புக் எழுதிவிடலாமா?’ என்று தோன்றுகிறது. நினைப்பில் தப்பே இல்லை. ஆனால் அதை ரிட்டயர்மென்ட் பொழுதுபோக்காக நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. செகண்ட் கரியராக, கணக்குப் போட்டு இறங்க நினைப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

நமக்கு மாடல், சுதிர் கக்கர். இந்தியாவின் பிரபல சைக்கோஅனலிஸ்ட். அதாவது, மாத்திரை எழுதிக் கொடுக்காமல், வந்தவரைப் பேசவைத்து, கேட்டு, மனதைப் பிரித்துப் பார்க்கும் தொழில். 1938-ல் நைனிடாலில் பிறந்தவர். குஜராத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். ஹாம்பர்க்கில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பழகினார். மான்ஹைமில் பிசினஸ் எகனாமிக்ஸ், வியன்னாவில் எகனாமிக்ஸ் டாக்டரேட். பிறகு பிராங்க்பர்ட்டில் உள்ள சிக்மண்ட் பிராய்ட் இன்ஸ்டிட்யூட்டில் அனலிஸ்ட் பயிற்சி. 1975-ல் டெல்லி திரும்பி பிராக்டிஸ் ஆரம்பித்தார். இந்த சி.வி.யை இன்றைக்கு ஒரு எச்.ஆர். கையில் கொடுத்தால், ‘கேண்டிடேட்டுக்கு ஃபோகஸ் இல்லை’ என்று ஓரமாக வைத்துவிடுவார்.

அந்த மனிதர் 1998-ல், அறுபது வயது ஆன வருடத்தில், முதல் நாவலை வெளியிட்டார். எண்பது வயதில், 2018-ல், ஆறாவதை. நடுவில் காமசூத்திரத்துக்குப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு, தாகூர் பற்றி ஒரு நூல், தன்வரலாறு, இந்தியர்களின் குணம் பற்றி ஒரு புத்தகம். 2024 ஏப்ரலில் காலமானபோது அவர் பெயரில் நின்ற அலமாரியைப் பார்த்தால் நாலைந்து பேர் எழுதியது போல இருக்கும். எப்படிச் சாத்தியம்? ‘ஜீனியஸ்’ என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அவர் செய்ததில் பாதிக்கு மேல் காப்பி அடிக்கக்கூடியதுதான்.

1. முதல் வேலையை முதலில் ஜெயியுங்கள்

‘வேலை போரடிக்கிறது, அதனால் எழுத வந்தேன்’ என்பவரின் புத்தகமும் போரடிக்கும். வாசகர் காசு கொடுப்பது உங்கள் நடைக்காக அல்ல. அவர் நுழைய முடியாத அறைக்குள் நீங்கள் நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்காக. லண்டன் அனலிஸ்ட் ஸ்டீபன் கிராஸ் 2013-ல் ‘தி எக்ஸாமின்ட் லைஃப்’ என்ற சின்னப் புத்தகத்தை வெளியிட்டார். அதற்குப் பின்னால் இருந்தது 25 வருட பிராக்டிஸ், 50,000 மணி நேரத்துக்கும் மேல் கேட்ட பேச்சு. அந்த மணிக்கணக்குதான் மூலதனம். அது இல்லாத போட்டியாளர் அதே விஷயத்தை உங்களைவிட அழகாக எழுதினாலும் பின்தங்கிவிடுவார்.

இன்று இரவே ஒரு பேப்பரை எடுங்கள். ‘என் வேலை காரணமாக மட்டுமே நான் பார்த்தது, கேட்டது’ என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். நீங்கள் வங்கியில் லோன் ரிகவரி பார்ப்பவராக இருக்கலாம், ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருக்கலாம், கார்மென்ட் யூனிட்டில் லைன் சூப்பர்வைசராக இருக்கலாம். பட்டியல் ஒரு பக்கம் தாண்டவில்லை என்றால் புத்தகத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. போய் வேலையைப் பாருங்கள்.

2. ஒரே மாவில் இட்லி, தோசை, பணியாரம்

இதுதான் கக்கரின் அசல் டெக்னிக். அவர் புத்தகப் பட்டியலைப் பார்ப்பவர்கள் ‘எத்தனை விதமான சப்ஜெக்ட்!’ என்று வியக்கிறார்கள். சரியாகப் பார்த்தால் சப்ஜெக்ட் கொஞ்சம்தான். மாறியது ஃபார்மட்.

ஆண்-பெண் உறவு என்ற ஒரு சரக்கை எடுங்கள். 1980-களின் கடைசியில் ‘இன்டிமேட் ரிலேஷன்ஸ்’ என்ற கட்டுரை நூல் எழுதினார்: இந்தியப் பாலுணர்வை சினிமா, நாட்டுக்கதை, தன்வரலாறுகள் வழியாக அலசும் நூல். அதே கேள்வியை 1998-ல் ‘தி அசெட்டிக் ஆஃப் டிசையர்’ என்ற நாவலாக்கினார். ஹீரோ, காமசூத்திரம் எழுதிய வாத்ஸ்யாயனர். 2002-ல் அந்தக் காமசூத்திரத்தையே சமஸ்கிருத அறிஞர் வெண்டி டோனிகருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆக்ஸ்போர்டு வெளியீடு. ஒரே ஆராய்ச்சி, மூன்று வாசகர் கூட்டம், மூன்று தனித்தனிப் புத்தகங்கள்.

தற்செயல் என்று நினைத்தால் அடுத்ததைப் பாருங்கள். 1991-ல் ராமகிருஷ்ணரின் பரவச நிலைகளைப் பற்றி ‘தி அனலிஸ்ட் அண்ட் தி மிஸ்டிக்’. பத்து வருடம் கழித்து, ராமகிருஷ்ணர்–விவேகானந்தர் உறவை மாதிரியாக வைத்து ராஜஸ்தான் பின்னணியில் ‘எக்ஸ்டசி’ நாவல். ‘இன்டிமேட் ரிலேஷன்ஸ்’ நூலில் காந்தியும் பெண்களும் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. 2004-ல் அது ‘மீரா அண்ட் தி மகாத்மா’ என்ற நாவலாக வளர்ந்தது: பிரிட்டிஷ் அட்மிரலின் மகள் மேடலின் ஸ்லேட், சபர்மதி வந்து மீராபென் ஆன கதை.

ஆராய்ச்சி நூலில் ‘இப்படி இருந்திருக்கலாம்’ என்று மட்டுமே சொல்ல முடிகிற இடம் வரும். ஆதாரம் தீர்ந்துபோகும் இடம். மற்றவர்கள் அங்கே ஃபுட்நோட் போட்டு நிறுத்திக்கொள்வார்கள். கக்கர் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நாவலுக்கு எடுத்துப் போனார் என்றுதான் அவர் பட்டியலைப் பார்க்கும்போது எனக்குப் படுகிறது.

உங்களுக்கு என்ன வேலை? ஆபீஸில் நீங்கள் தயாரித்த மிகப் பெரிய ரிப்போர்ட்டை, பிரசன்டேஷனை எடுத்துப் பாருங்கள். ‘டேட்டா இல்லை’ என்று நீங்கள் விட்டுவிட்ட இடங்கள் எவை? ‘இது ரிப்போர்ட்டுக்குப் பொருந்தாது’ என்று வெட்டிய ஆட்கள் யார்? அடுத்த ஃபார்மட் அங்கே இருக்கிறது. சப்ஜெக்ட் மாற்றி மாற்றி ஓடுபவர் ஒவ்வொரு முறையும் ஜீரோவிலிருந்து ஆரம்பிக்கிறார். ஃபார்மட் மாற்றுபவர், போன புத்தகத்தின் உழைப்பை அடுத்ததற்கும் வசூலிக்கிறார்.

3. முதல் புத்தகம் கடினமானதாக இருக்கட்டும்

வரிசை முக்கியம். கக்கர் நாவலோடு வரவில்லை. 1978-ல் ‘தி இன்னர் வேர்ல்ட்’. இந்தியக் குழந்தை வளர்ப்பையும் குடும்பத்தையும் வைத்து இந்திய மனதை விளக்கும் ஆய்வு. 1982-ல் ‘ஷாமன்ஸ், மிஸ்டிக்ஸ் அண்ட் டாக்டர்ஸ்’. பேயோட்டும் கோயில், தர்கா, ஆயுர்வேத வைத்தியர் என்று நேரில் போய் எழுதியது. 1996-ல் ‘தி கலர்ஸ் ஆஃப் வயலன்ஸ்’; 1990 ஹைதராபாத் கலவரத்துக்குப் பிறகு இரு தரப்பிலும் பேசி எழுதியது. இருபது வருடம் இப்படி இறுக்கமான நூல்கள். அதற்குப் பிறகுதான் நாவல். அதனால் ‘பேஷன்ட் வரவில்லை போல, கதை எழுதக் கிளம்பிவிட்டார்’ என்று சக தொழில்காரர்கள் யாரும் கிசுகிசுக்க வாய்ப்பில்லாமல் போனது.

அமெரிக்காவில் இர்வின் யாலோம் போனதும் இதே ரூட். அவர் சைக்கியாட்ரிஸ்ட், ஸ்டான்போர்டு பேராசிரியர். 1970-ல் குரூப் தெரபிக்கு டெக்ஸ்ட்புக். 1980-ல் இன்னொரு கனமான நூல். 1989-ல் நோயாளிகளின் கதைகள். 1992-ல்தான் ‘வென் நீட்ஷே வெப்ட்’ நாவல். டெக்ஸ்ட்புக் பெயரைக் காப்பாற்றியது, நாவல் பெயரைப் பரப்பியது.

முதல் புத்தகமே ‘வெற்றிக்கு ஏழு படிகள்’ என்று வந்தால் விற்கலாம். ஆனால் உங்கள் ஃபீல்டில் உள்ள பத்து சீனியர்கள் அதைப் பார்த்துச் சிரித்தால், இரண்டாவது புத்தகத்துக்கு அந்தச் சிரிப்புதான் பிளர்ப். முதலில் அவர்களால் ஒதுக்க முடியாத ஒன்றை எழுதுங்கள். குறைவாக விற்றாலும் பரவாயில்லை.

எவ்வளவு குறைவாக? சைக்கோஅனலிசிஸைத் தொடங்கிவைத்த பிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ முதல் பதிப்பு 600 பிரதிகள். அவை விற்றுத் தீர எட்டு வருடம் ஆனது. அதே பிராய்டுக்கு 1930-ல் பிராங்க்பர்ட் நகரம் கதே பரிசு கொடுத்தது. மருத்துவப் பரிசு அல்ல. எழுத்தாளருக்கும் சிந்தனையாளருக்கும் தரும் கௌரவம்.

4. பழைய டிகிரியைத் தூக்கிப் போடாதீர்கள்

எகனாமிக்ஸும் இன்ஜினீயரிங்கும் படித்தவர் மனநலத்துக்குத் தாவினால், அந்த வருடங்கள் வீண் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். கக்கர் 1970-ல் எழுதிய ஆரம்பகால நூல் பிரெடரிக் டெய்லரைப் பற்றியது. ஃபேக்டரியில் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்த, ‘சயன்டிஃபிக் மேனேஜ்மென்ட்’டின் தந்தை. அவருடைய மனதுக்குள் என்ன ஓடியது என்று ஆராயும் புத்தகம், எம்.ஐ.டி. பிரஸ் வெளியீடு. ஷாப்ஃப்ளோரும் தெரிந்து, சைக்காலஜியும் தெரிந்த ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பின்னாளில் பிரான்ஸில் உள்ள இன்சியாட் பிசினஸ் ஸ்கூலில் லீடர்ஷிப் பாடம் எடுக்கப் போனதற்கும் இந்த இரட்டைத் தகுதிதான் கதவைத் திறந்திருக்கும்.

5. சீனியரின் வேலையைப் பக்கத்திலிருந்து பாருங்கள்

மென்டார் என்றால் மாதம் ஒரு காபி குடித்து அட்வைஸ் கேட்பது என்று ஆகிவிட்டது. பிரயோஜனம் இல்லை. கக்கருக்கு வாய்த்தது வேறு மாதிரி. 1960-களில் அவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் ஆராய்ச்சியாளர். அப்போது எரிக் எரிக்சன் அகமதாபாத் வந்தார். ‘ஐடென்டிட்டி கிரைசிஸ்’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர். அவர் வந்தது, 1918 மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தியின் பங்கைத் தோண்டுவதற்காக. அந்த உழைப்பு 1969-ல் ‘காந்திஸ் ட்ரூத்’ ஆகி, புலிட்சர் வாங்கியது.

ஒரு பெரிய அனலிஸ்ட், செத்துப்போன ஒரு மனிதரைப் பற்றி எப்படிப் புத்தகம் கட்டுகிறார், யாரைப் போய்ப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்று கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு அந்த இளைஞனுக்குக் கிடைத்தது. பிற்பாடு ஹார்வர்டிலும் எரிக்சனோடு வேலை. எரிக்சனுக்கே யுனிவர்சிட்டி டிகிரி கிடையாது என்பது இன்னொரு செய்தி. ஓவியம் பழகி, பள்ளி ஆசிரியராகி, பிராய்டின் மகள் அன்னா பிராய்டிடம் பயிற்சி எடுத்து மேலே வந்தவர். அப்படிப்பட்ட ஆள், இன்ஜினீயர்-எகனாமிஸ்ட் ஒருவரைப் பார்த்து ‘உனக்குத் தகுதி இல்லை’ என்று சொல்ல மாட்டார். மென்டாரைத் தேடும்போது இதைப் பாருங்கள்: நேர் ரூட்டில் வந்தவரைவிட, சுற்றி வந்தவர் உங்களுக்குச் சீக்கிரம் கதவு திறப்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். ஐ.ஐ.எம்.மின் தொடக்ககாலப் பேராசிரியர் கம்லா சௌத்ரி, கக்கருக்கு நெருங்கிய உறவு. 1970-ல் இருவரும் சேர்ந்து இந்திய இளைஞர்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்கள். நெட்வொர்க் உதவியது. உங்களுக்கு அப்படி உறவு இல்லையென்றால் புலம்பி என்ன ஆகப் போகிறது? கான்ஃபரன்ஸில் கடைசி வரிசையில் உட்காராதீர்கள். சீனியர் ஒருவர் புத்தகம் எழுதுகிறார் என்று தெரிந்தால், இன்டர்வியூ டிரான்ஸ்கிரிப்ஷனோ லைப்ரரி வேலையோ, சின்ன வேலையாகக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தைவிட அவருடைய மெத்தட் விலை அதிகம்.

6. நோட்ஸ் எடுக்கும் நேரத்தை மாற்றுங்கள்

அனலிஸ்ட்டின் அறையைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். வந்தவர் சோபாவில் மல்லாந்து படுத்திருக்கிறார். கண்ணுக்கு எதிரே கூரை. அனலிஸ்ட் அவருடைய தலைமாட்டில், பார்வையில் படாத நாற்காலியில். பேசுபவர் திரும்பினால்தான் தெரிவார். கையில் பேனா இல்லை. 1912-ல் பிராய்ட் இளம் டாக்டர்களுக்கு எழுதிய அறிவுரையில் இது தெளிவாக இருக்கிறது: கேட்கும்போது குறிப்பு எடுக்காதே. எடுக்க ஆரம்பித்தால், எது முக்கியம் என்று நீயே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கத் தொடங்குவாய். எதிர்பார்த்ததை மட்டும்தான் கேட்பாய். வேலை முடிந்து, மாலையில், ஞாபகத்திலிருந்து எழுது.

மீட்டிங்கில் லேப்டாப்பில் முகம் புதைத்து மினிட்ஸ் அடிப்பவர்கள் இதை ஒரு வாரம் பழகிப் பாருங்கள். மூடி வையுங்கள். பேசுபவரின் கையை, தயக்கத்தை, எந்தக் கேள்விக்கு அவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார் என்பதைப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் அரை மணி நேரம் எழுதுங்கள். ஆரம்பத்தில் பாதி மறந்துபோகும். பழகப் பழக வசனம் அப்படியே திரும்பி வரும். எழுத்தாளருக்கு வேண்டிய காது இதுதான். போனஸாக, மீட்டிங்கில் கவனமாகக் கேட்கும் ஆள் என்ற பெயரும் வரும். அப்ரைசலில் அதற்கும் மதிப்பு உண்டு.

பிராய்டின் அதே அறிவுரைக் கட்டுரையில் இன்னொரு எச்சரிக்கை: சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கேஸை ஆய்வுக்காக எழுதாதே. ஏன்? எழுத ஆரம்பித்ததும், கதைக்கு எந்த முடிவு நன்றாக இருக்கும் என்று மனம் போகும். நோயாளி அந்தப் பக்கம் தள்ளப்படுவார். நடந்துகொண்டிருக்கும் புராஜெக்ட்டைப் பற்றி லிங்க்ட்இன்னில் தொடர் எழுதுகிறவர்கள் இந்த வரியைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

யாலோம் இந்தக் குறிப்பு எழுதும் விஷயத்தில் ஒரு புதுமை செய்தார். எழுத்தாளரான ஒரு நோயாளிக்குக் கட்டணம் கட்ட வசதி இல்லை. பணத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். தானும் தனியாக எழுதினார். ஒரே அறை, ஒரே நேரம், இரண்டு பதிவுகள். பின்னாளில் இரண்டையும் சேர்த்து, நோயாளிக்குப் புனைபெயர் வைத்து, 1974-ல் புத்தகமாக்கினார்கள். டாக்டர் பெருமையாக நினைத்த விளக்கத்தை நோயாளி கண்டுகொள்ளவே இல்லை. டாக்டர் போகிறபோக்கில் சொன்னது அங்கே பெரிதாகப் பதிந்திருந்தது. உங்கள் டீமில் நம்பிக்கையான ஒருவரோடு, முடிந்த ஒரு கிளையன்ட் மீட்டிங்கைப் பற்றி இதேபோல இரண்டு பதிவு எழுதிப் பாருங்கள். நாவல் எழுதுகிறீர்களோ இல்லையோ, சேல்ஸ் ஏறும்.

7. ரகசியம் உங்களுடையது அல்ல

இங்கே சறுக்கினால் இரண்டு கரியரும் போய்விடும். மனநலத் துறையில் இது சட்டமே: 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்று உரிமை தருகிறது. மற்றத் துறைகளில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே ஒரு கான்ஃபிடென்ஷியாலிட்டி வாசகம் இருக்கும். எடுத்துப் படியுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ‘அந்த மேனேஜர்’ யார் என்று அந்த ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

கக்கர் நாவல்களின் ஆட்களைப் பாருங்கள். வாத்ஸ்யாயனர். உஜ்ஜயினியின் கவி பர்த்ருஹரி. ஷாஜகானின் பிள்ளைகள். லாகூரில் பத்திரிகை வேலை பார்த்த இளம் கிப்ளிங். பெரும்பாலும், வழக்குப் போட முடியாத காலத்து மனிதர்கள். சோபாவில் படுத்தவர்களிடம் கற்ற பொறாமை, ஆசை, அப்பா மீதான கோபம் எல்லாவற்றையும் இவர்கள் மேல் ஏற்றினால் யாருடைய ரகசியமும் உடையாது. நேராக அவர் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் தேர்வுகளைப் பார்த்துப் போடும் கணக்கு இது. ‘தி அசெட்டிக் ஆஃப் டிசையர்’ நாவலில் ஓர் இளைஞன், வாத்ஸ்யாயனரின் வாழ்க்கையை எழுத ஆசைப்பட்டு, அவரிடம் தினமும் போய் அவர் சொல்லச் சொல்லக் கேட்கிறான். ஒருவர் பேச, ஒருவர் கேட்க. டெல்லி கன்சல்டிங் ரூம் அப்படியே குப்தர் காலத்துக்கு ஷிஃப்ட் ஆகிவிட்டது.

2010-ல் வந்த ‘தி கிரிம்சன் த்ரோன்’ நமக்கு இன்னும் நெருக்கம். ஷாஜகான் மகன்களின் அதிகாரச் சண்டையை இரண்டு ஐரோப்பியர்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள். ஒருவர் பிரெஞ்சு டாக்டர் பெர்னியர். மற்றவர் வெனிஸ்காரர் மனூச்சி. அந்த மகன்களில் ஒருவரான தாரா ஷுகோவின் படையில் பீரங்கிப் பிரிவில் இருந்தவர், பிறகு தானாகவே வைத்தியம் பார்க்கத் தொடங்கி, கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்து, முகலாய வரலாற்றைப் பல பாகங்களாக எழுதிவைத்தார். அவர் வாழ்ந்த பரங்கிமலைப் பக்கம் போகிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்: செகண்ட் கரியர், தேர்டு கரியர் எல்லாம் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல.

8. வேலையை விடாதீர்கள், புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்

‘எழுதுவதற்காக வேலையை விட்டேன்’ என்ற போஸ்ட்டுக்கு லைக் வரும், இ.எம்.ஐ. வராது. லண்டனில் ஆடம் பிலிப்ஸ் என்று ஒரு அனலிஸ்ட். முத்தம் முதல் மாயவித்தைக்காரர் ஹூடினி வரை எழுதாத விஷயம் இல்லை. அவருடைய ஏற்பாடு எளிது: வாரத்தில் மற்ற நாட்களில் நோயாளிகள், புதன்கிழமை எழுத்து. அவ்வளவுதான். ‘நேரம் கிடைக்கும்போது’ எழுதுபவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை. உங்களுக்கு முழு நாள் சாத்தியமில்லையா? ஞாயிறு காலை நான்கு மணி நேரம். காலண்டரில் பிளாக் செய்து, போனை வேறு அறையில் வையுங்கள்.

கல்கத்தாவில் இதை ஒரு குடும்பமே செய்து காட்டியது. கிரீந்திரசேகர் போஸ், 1922-ல் இந்திய சைக்கோஅனலிட்டிகல் சொசைட்டியை நிறுவியவர். பிராய்டோடு கடிதத்தில் வாதம் செய்தவர். டாக்டர் வேலையை விடாமல் வங்க மொழியில் கனவைப் பற்றி, புராணங்களைப் பற்றி எழுதினார். குழந்தைகளுக்கு எறும்புகளை வைத்து ஒரு கதைப் புத்தகமும் எழுதினார். அவருடைய அண்ணன் ராஜசேகர் போஸ், பெங்கால் கெமிக்கல்ஸ் நிர்வாகி. பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தைச் சிரிக்கவைத்த எழுத்தாளர். அகராதியும் தொகுத்தார். இரண்டு பேருக்கும் மாதச் சம்பளமோ பிராக்டிஸ் வருமானமோ இருந்தது. அதனால் பதிப்பாளருக்குப் பிடித்ததை அல்ல, தங்களுக்குத் தோன்றியதை எழுத முடிந்தது. விதவிதமாக எழுதும் சுதந்திரத்துக்கு இந்த ஃபண்டிங் அவசியம்.

கணக்கையும் போட்டுவிடுவோம். 250 ரூபாய் புத்தகம், ராயல்டி 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 25 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 25,000. அதுவும் ஆயிரம் விற்றால். வருமானம் பக்கவாட்டில் வரும்: பேச அழைப்பு, ட்ரெய்னிங் அசைன்மென்ட், கன்சல்டிங் ஃபீஸில் ஒரு ஏற்றம். அதைத் தனியாக எழுதி வைத்துப் பார்த்தால்தான் புத்தகம் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

9. உங்களிடம் இல்லாததைக் கூட்டாளியிடம் வாங்குங்கள்

காமசூத்திரத்துக்கு டோனிகர், சமஸ்கிருதத்தில் கரைகண்டவர். காதல் கதைகளின் உளவியலுக்கு அமெரிக்க அனலிஸ்ட் ஜான் மண்டர் ராஸ். ‘தி இந்தியன்ஸ்’ நூலுக்கு மனைவி கத்தரீனா. தனியாகச் செய்தால்தான் பெருமை என்று கக்கர் பிடிவாதம் பிடிக்கவில்லை. நீங்களும் பிடிக்காதீர்கள். ஆனால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே, யார் பெயர் முதலில், ராயல்டி எப்படிப் பிரியும், சண்டை வந்தால் மேட்டர் யாருக்கு என்று ஒரு மெயிலில் எழுதி இருவரும் ஓகே சொல்லுங்கள். நட்பு அப்புறம்.

10. எல்லா ஃபார்மட்டிலும் நீங்கள் சூரர் அல்ல

என் கணிப்பைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். கக்கரின் நாவல்களைவிடக் கட்டுரை நூல்களே பலம். நாவலில் ஒரு பாத்திரம் அழுதால், ஏன் அழுகிறது என்று விளக்க அனலிஸ்ட் எட்டிப் பார்த்துவிடுவார். வேலையில் பழகிய கை சட்டென்று மாறாது. வக்கீல் எழுதும் கதையில் எல்லோரும் வாதாடுவார்கள். ஆடிட்டர் கதையில் கடைசியில் எல்லாம் டேலி ஆகும். ஆகவே டிராஃப்ட்டை உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். ‘எந்த இடத்தில் ஆபீஸ் வாசனை அடிக்கிறது?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். அங்கெல்லாம் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். கோபம் வரும். வெட்டுங்கள்.

இருந்தாலும் கக்கர் நாவல் எழுதியது வீண் என்று நினைக்கவில்லை. கட்டுரை நூலைத் தொடாத வாசகர் நாவல் வழியாக அவரிடம் வந்திருப்பார். ஒரு ஃபார்மட் சுமாராக இருந்தாலும் இன்னொன்றுக்கு ஆள் சேர்க்கும்.

11. கையெழுத்துக்கு முன் இதைத் தேடுங்கள்

முதலில் உங்கள் முதலாளி பக்கம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக நீங்கள் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கம்பெனிதான் உரிமையாளர். ட்ரெய்னிங் மெட்டீரியலை அப்படியே புத்தகமாக்கினால் நோட்டீஸ் வரும். ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் நேரத்தில் எழுதாதீர்கள். அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளில் புத்தகம் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அடுத்து பதிப்பாளர் பக்கம். உரிமையை எத்தனை வருடத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று அக்ரிமென்ட்டில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால், 19-வது பிரிவுப்படி ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்தப் பகுதி என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவத்திலும்’ என்ற வரி இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள். ஆடியோபுக், மொழிபெயர்ப்பு, வெப் சீரிஸ் உரிமைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். இரண்டாவது பாயின்ட்டில் பார்த்தோமே, ஒரே சரக்கை மூன்று ஃபார்மட்டில் விற்பது. அந்த மூன்றையும் முதல் அக்ரிமென்ட்டிலேயே கொடுத்துவிட்டால் அப்புறம் விற்க என்ன மிச்சம் இருக்கும்? உரிமையை வாங்கிவிட்டு ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், அக்ரிமென்ட்டில் வேறுமாதிரி இல்லாத பட்சத்தில், அந்த உரிமை மாற்றம் காலாவதி ஆகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் அந்த ‘வேறுமாதிரி’ வரி எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை பாருங்கள். இங்கிலீஷில் இருக்கிறது, படிக்க நேரமில்லை என்று புத்தகக் கண்காட்சி அவசரத்தில் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். ஒரு வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்; ராயல்டியில் கழித்துக்கொள்ளலாம்.